18 வருஷம் முடியாத குஸ்தி!

லண்டனில் ஒரு குஸ்தி தொடங்கியது. அது பாட்டியாலாவில் முடிந்தது. நடுவே 18 வருஷம் ஓடிவிட்டது!

லண்டனில் நடந்த பாதி 2 மணி 35 நிமிஷம் நீடித்தது. பாட்டியாலாவில் நடந்த பாதிக்கு ஒரு நிமிஷங்கூட ஆகவில்லை.

மோதியவர்கள் இரண்டு பேர். ஒருவர் பஞ்சாபைச் சேர்ந்த காமா. மற்றவர் போலந்துக்காரரான ஸ்பிஷ்கோ. இருவரும் காசுக்காகக் குஸ்தி போட்டவர்கள். அதுதான் அவர்கள் பிழைப்பு.

டெலிவிஷனில் குஸ்தி பார்க்கும் பிள்ளைகள், "இது நிஜமா? இல்லை, பேசி வைத்துக்கொண்டு செய்கிறார்களா?" என்று அப்பாவைத் துளைக்கிறார்கள். நூறு வருஷத்துக்கு முன்பும் ஜனங்கள் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். பேசி வைத்த குஸ்தி, பேசி வைக்காத குஸ்தி இரண்டும் இந்தக் கதையில் வருகின்றன.

யார் இந்த காமா?

அவருடைய முழுப் பெயர் குலாம் முகமது. பரம்பரையாகப் பயில்வான் குடும்பம். அப்பா சிறு வயதிலேயே இறந்துபோனார். தாத்தாவும் மாமாவும் பையனை வளர்த்தார்கள். அவர்களும் பயில்வான்கள்தான். பிள்ளை வேறு எங்கே போவான்? கோதாவுக்குத்தான் போனான்.

பத்து வயதில் ஜோத்பூர் மகாராஜா நடத்திய ஒரு போட்டிக்குப் போனானாம். யார் அதிகமாக பஸ்கி போடுகிறார்கள் என்று போட்டி. 400 பேருக்கு மேல் வந்திருந்தார்கள். எல்லோரும் வளர்ந்த பயில்வான்கள். ஒவ்வொருவராகக் கால் துவண்டு உட்கார்ந்தார்கள். கடைசியில் நின்ற 15 பேரில் இந்தப் பொடியனும் ஒருவன்! மகாராஜா வியந்துபோய் இவனுக்கே பரிசைக் கொடுத்தார் என்பார்கள்.

பெரியவரான பிறகு காமா நாள் ஒன்றுக்கு 5,000 பஸ்கியும் 3,000 தண்டாலும் எடுத்தார் என்று சொல்வதுண்டு. பால், நெய், பாதாம் பருப்பு, மாமிச சூப் என்று சாப்பாடும் அதற்குத் தகுந்தபடி.

பயில்வான்களைப் பற்றிய கதைகளைக் கொஞ்சம் சலித்துத்தான் எடுக்கவேண்டும். பரோடாவில் ஒரு கல் இருக்கிறது. எடை 1,200 கிலோ. 1902-ம் வருஷம் காமா அதைத் தூக்கினார் என்று அதிலேயே பொறித்து வைத்திருக்கிறார்கள். இன்றைய உலகத்தின் மகா பலசாலிகள் தரையிலிருந்து எடுக்கிற எடையே 500 கிலோவை ஒட்டித்தான். ஆகவே காமா அதை அசைத்திருக்கலாம், புரட்டியிருக்கலாம். தலைக்கு மேலே தூக்கினார் என்று யாராவது சொன்னால், சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் லண்டனில் நடந்தது அப்படி அல்ல. அதைப் பத்திரிகைக்காரர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து எழுதினார்கள்.

"உயரம் போதாது!"

1910-ம் வருஷம். வங்காளத்துச் செல்வந்தர் சரத் குமார் மித்ரா பணம் போட்டார். நான்கு பயில்வான்கள் கப்பல் ஏறினார்கள். காமா, அவர் தம்பி இமாம் பக்ஷ், அகமது பக்ஷ், காமூ.

லண்டனில் ஒரு சங்கடம். காமா உயரம் 5 அடி 7 அல்லது 8 அங்குலந்தான். எடை சுமார் 200 ராத்தல். அதாவது 90 கிலோ. பெரிய பயில்வான்களுக்கு நடந்த போட்டியில் அவரைச் சேர்க்க மறுத்துவிட்டார்கள். "உயரம் போதாது" என்றார்கள்.

காமா என்ன செய்தார்? ஒரு சவால் விட்டார். "எவ்வளவு எடை உள்ளவர்களாக இருந்தாலும் சரி. மூன்று பேரை 30 நிமிஷத்துக்குள் கீழே தள்ளுகிறேன்."

முதலில் யாரும் நம்பவில்லை. கூட்டம் சேர்க்கச் செய்யும் வித்தை என்று நினைத்தார்கள். பிறகு அமெரிக்கப் பயில்வான் ரோலர் சவாலை ஏற்றார். இவர் பயில்வான் மட்டும் அல்ல, படித்துப் பட்டம் பெற்ற டாக்டரும்கூட. ஆகஸ்டு மாதம் இருவரும் மோதினார்கள். முதல் தடவை ரோலரைச் சாய்க்க காமாவுக்கு 2 நிமிஷங்கூடத் தேவைப்படவில்லை. இரண்டாம் தடவை 10 நிமிஷத்துக்குள் வேலை முடிந்தது.

தம்பி இமாம் பக்ஷும் சும்மா இருக்கவில்லை. சுவிட்சர்லாந்துக்காரரான ஜான் லெம் என்பவரைச் சில நிமிஷங்களில் மல்லாக்கப் போட்டார்.

அதன் பிறகு லண்டன் பத்திரிகைகள் உயரத்தைப் பற்றிப் பேசவில்லை.

சூடு கண்ட பூனை

இப்போது ஸ்பிஷ்கோவைப் பார்ப்போம். அவர் பிறந்த 1879-ல் உலகப் படத்தில் போலந்து என்ற நாடே கிடையாது. மூன்று வல்லரசுகள் அதைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. ஆஸ்திரியாவின் பங்கில் இவர் ஊர் இருந்தது. உயரத்தில் காமாவைவிட அதிகமில்லை. ஆனால் எடை 250 ராத்தலுக்கு மேல். கழுத்து எது, தோள் எது என்று தெரியாத உடம்பு. முட்டாள் பயில்வான் அல்ல. படித்தவர், பல பாஷை பேசுவார்.

அவருக்கு லண்டனுக்கு மூன்று மாதம் முன்புதான் ஒரு சூடு விழுந்திருந்தது. அந்தக் கதையையும் சொல்லிவிட வேண்டும்.

1910 ஜூன் 1-ந் தேதி. அமெரிக்காவில் சிகாகோ நகரம். எதிரே உலக சாம்பியன் பிராங்க் காட்ச். மணி அடித்தது. ஸ்பிஷ்கோ மரியாதையாகக் கை குலுக்கக் கையை நீட்டிக்கொண்டு வந்தார். காட்ச் கையைப் பிடிக்கவில்லை. குனிந்து காலைப் பிடித்தார்! ஒரே வாரு. ஸ்பிஷ்கோவின் தோள் இரண்டும் தரையில். ஆன நேரம் 6 விநாடி! "நான் இன்னும் தொடங்கவே இல்லை" என்று ஸ்பிஷ்கோ எவ்வளவோ வாதாடினார். பலன் இல்லை. அடுத்த சுற்றிலும் தோற்றார்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். காமாவோடு ஸ்பிஷ்கோ நடந்துகொண்ட விதத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

2 மணி 35 நிமிஷம்

1910 செப்டம்பர் 10-ந் தேதி. இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒலிம்பிக் பந்தயம் நடந்த லண்டன் ஸ்டேடியம். பரிசு 250 பவுன். ஒரு பவுனுக்கு 15 ரூபாய் என்ற அந்தக் காலக் கணக்கில் 3,750 ரூபாய். அதோடு ஜான் புல் என்ற பத்திரிகை ஒரு பெல்ட் கொடுத்தது. உலக சாம்பியனுக்கு உரிய பெல்ட்.

விதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எதிராளியின் இரண்டு தோள்களும் ஒரே நேரத்தில் விரிப்பில் படியும்படி அழுத்தவேண்டும். குப்புறக் கிடந்தால் தோல்வி இல்லை. மண்டி போட்டாலும் தோல்வி இல்லை.

குஸ்தி தொடங்கியது. ஒரு நிமிஷத்துக்குள் காமா ஸ்பிஷ்கோவைக் கீழே கொண்டுவந்தார். கூட்டம் எழுந்து நின்றது. "முடிந்தது கதை!" என்று நினைத்தது.

முடியவில்லை.

ஸ்பிஷ்கோ நான்கு காலில் நின்றார். கையையும் முழங்காலையும் விரிப்பில் ஊன்றி, வயிற்றைத் தாழ்த்தி, தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். ஆமையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அப்படி.

காமா கழுத்தில் கை கொடுத்தார். அசையவில்லை. இடுப்பைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். 250 ராத்தல்! தூக்கினாலும் மறுபடி அதே நிலையில் வந்து விழுந்தது. காலை வாரினார். கையை முறுக்கினார். ஒரு பக்கமாகப் புரட்டினால் மறு பக்கமாகச் சுருண்டது.

அரை மணி ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. இரண்டு மணியும் ஆயிற்று!

எப்போதாவது ஸ்பிஷ்கோ எழுந்து நிற்பார். உடனே காமா பாய்வார். மறுபடியும் ஆமை.

காசு கொடுத்து வந்த ஜனங்களுக்கு எப்படி இருந்திருக்கும்? கூச்சல் போட்டார்கள். கேலி செய்தார்கள். ஸ்பிஷ்கோ காதில் எதையும் போட்டுக்கொள்ளவில்லை. பொழுது சாயத் தொடங்கியது. 2 மணி 35 நிமிஷத்துக்குப் பிறகு ஆட்டத்தை நிறுத்தினார்கள். வெற்றி தோல்வி இல்லை. அடுத்த சனிக்கிழமை, 17-ந் தேதி, மறுபடியும் மோதவேண்டும் என்று முடிவாயிற்று.

ஸ்பிஷ்கோ செய்தது கோழைத்தனம் என்று பத்திரிகைகள் திட்டின. நான் அப்படிச் சொல்லமாட்டேன். தன்னைவிடப் பலசாலியிடம் இரண்டரை மணி நேரம் தோள் படியாமல் தப்புவது லேசான காரியமா? கழுத்தும் முதுகும் என்ன பாடு பட்டிருக்கும்! விதி இடம் கொடுத்தது. அவர் பயன்படுத்திக்கொண்டார். அவ்வளவுதான். பார்க்க நன்றாக இல்லை என்பது வேறு விஷயம்.

ஆனால் அடுத்த வாரம் அவர் செய்ததற்குச் சமாதானம் சொல்ல முடியாது. 17-ந் தேதி காமா லங்கோடு கட்டிக்கொண்டு வந்து நின்றார். ஸ்பிஷ்கோ வரவே இல்லை! காத்திருந்து பார்த்தார்கள். கடைசியில் காமா வென்றதாக அறிவித்து பெல்ட்டை அவர் கையில் கொடுத்தார்கள்.

பெல்ட் கிடைத்தது. ஆனால் எதிராளியின் முதுகு தரையில் படவில்லையே! ஒரு பயில்வானுக்கு இது எப்படி இருக்கும்? பந்தியில் உட்கார வைத்து, இலை போட்டு, சோறு போடாமல் கை கழுவச் சொன்ன மாதிரி.

இங்கே மண், அங்கே மாயம்

காமா ஊர் திரும்பினார். இந்தியாவில் அவருக்குச் சமமாக நின்ற ஒரே ஆள் ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலா. ஏழு அடியை எட்டும் மனிதர். முன்பு அவரோடு மோதியபோதெல்லாம் காமாவால் அவரை வீழ்த்த முடியவில்லை. லண்டனிலிருந்து வந்த பிறகு அலகாபாத்தில் இருவரும் மீண்டும் இறங்கினார்கள். காமா வென்றார். அதோடு "ருஸ்தமே ஹிந்த்" என்ற பட்டம் அவருக்கு உறுதியாயிற்று. இந்தியாவின் மகா வீரர் என்று பொருள்.

பிறகு என்ன? பிறகு எதிராளி இல்லை! அதுதான் காமாவின் கஷ்டம். நாளைக்கு ஆயிரக்கணக்கில் தண்டால் எடுத்துக்கொண்டு, மோத ஆள் இல்லாமல் வருஷங்கள் போயின.

ஸ்பிஷ்கோ அமெரிக்காவுக்குப் போனார். அங்கே குஸ்தி மெல்ல மெல்ல வேறு வியாபாரமாக மாறிக்கொண்டிருந்தது. இரண்டரை மணி நேரம் ஆமை மாதிரி கிடந்தால் யார் டிக்கெட் வாங்குவார்கள்? ஆகவே முதலாளிகள் முன்கூட்டியே பேசி முடித்தார்கள். இன்று இவர் ஜெயிக்கவேண்டும், அடுத்த மாதம் அவர். தூக்கிப் போடுவதும் துள்ளி விழுவதும் கூட்டத்துக்காக. 1921-ல் ஸ்பிஷ்கோ, "கழுத்து நெரிப்பான்" என்ற பட்டப்பெயர் கொண்ட எட் லூயிஸை நியூயார்க்கில் தோற்கடித்து உலக சாம்பியன் ஆனார். அடுத்த வருஷமே பட்டம் லூயிஸிடம் திரும்பிப் போயிற்று.

1925-ல் ஒரு வேடிக்கை நடந்தது. வெய்ன் மன் என்று ஒருவர். அமெரிக்கக் கால்பந்து ஆடியவர். ஆறரை அடி உயரம். பார்க்கப் பிரமாதமாக இருப்பார். குஸ்திதான் தெரியாது! கூட்டம் வரும் என்பதற்காக அவரையே உலக சாம்பியன் ஆக்கிவிட்டார்கள். ஏப்ரல் 15-ந் தேதி பிலடெல்பியாவில் ஸ்பிஷ்கோ அவரிடம் தோற்கவேண்டும் என்று ஏற்பாடு.

ஸ்பிஷ்கோவுக்கு அப்போது வயது 46. கோதாவில் இறங்கினார். பேச்சை மீறினார். நிஜமாகவே குஸ்தி போட்டார்! மன் திணறிப்போனார். மறுபடி மறுபடி மல்லாக்க விழுந்தார். கொஞ்ச நேரத்தில் உலக சாம்பியன் பட்டம் கிழவர் கையில்.

வேறு ஒரு முதலாளிக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டு அவர் செய்த வேலை இது. அடுத்த மாதமே பட்டத்தை ஜோ ஸ்டெச்சரிடம் விட்டுக்கொடுத்தார். யோக்கியமான காரியம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் ஒன்று தெளிவாயிற்று. நாடகத்தின் நடுவே நின்றபோதும் அந்த மனிதருக்குள் அசல் குஸ்தி சாகவில்லை.

பாட்டியாலாவில் ஒரு காலை வாரல்

பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங்குக்கு குஸ்தி என்றால் உயிர். காமா அவருடைய சமஸ்தானப் பயில்வான். லண்டனில் நின்றுபோன குஸ்தியை முடித்து வைக்க அவர் ஆசைப்பட்டார். ஸ்பிஷ்கோவுக்கு அழைப்புப் போயிற்று. வருவாரா?

வந்தார்!

18 வருஷத்துக்கு முன்பு சொன்ன தேதிக்கு வராதவர், இப்போது கடல் தாண்டி வந்தார். இரண்டு பேருக்கும் வயது ஐம்பதை ஒட்டிவிட்டது. மற்றவர்கள் பேரப்பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்சும் வயது.

1928 ஜனவரி 29-ந் தேதி. பாட்டியாலாவில் இதற்கென்றே பெரிய அரங்கம் அமைத்திருந்தார்கள். ராஜாக்கள், வெள்ளைக்கார அதிகாரிகள், விவசாயிகள் என்று பல்லாயிரம் பேர் கூடினார்கள்.

ஸ்பிஷ்கோ பார்க்கப் பயங்கரமாக இருந்தார். பாறை மாதிரி உடம்பு. காமா இளைத்துத் தெரிந்தார். "இவருக்கு வயதாகிவிட்டதே" என்று ஜனங்கள் கவலைப்பட்டார்கள். இரண்டரை மணி நேரம் உட்காரத் தயாராக வந்தவர்களும் இருந்திருப்பார்கள்.

இருவரும் கை தொட்டார்கள். காமா பாய்ந்தார். காலை வாரினார். தள்ளினார்.

ஸ்பிஷ்கோ மல்லாக்கக் கிடந்தார்!

எத்தனை விநாடி? பத்திரிகைக்குப் பத்திரிகை கணக்கு மாறுகிறது. ஒரு நிமிஷம் ஆகவில்லை என்பதில் மட்டும் எல்லோரும் ஒன்று. தலைப்பாகையைச் சரி செய்யக் குனிந்தவன் குஸ்தியைப் பார்க்காமலே வீட்டுக்குப் போயிருப்பான்!

அரங்கமே குதித்தது. ஸ்பிஷ்கோ எழுந்தார். இந்தத் தடவை வாதாடவில்லை. காமாவை வாயாரப் புகழ்ந்தார். மகாராஜா தம் பயில்வானுக்கு வெள்ளிக் கதாயுதம் பரிசளித்தார்.

லண்டனில் இரண்டரை மணியில் முடியாதது இங்கே எப்படி நொடியில் முடிந்தது? ஸ்பிஷ்கோ இந்தத் தடவை ஆமையாகவில்லை. நின்று மோதினார். அதுதான் விடை என்று நினைக்கிறேன். முதுகு மண்ணில் பட்டதும் ஆட்டம் முடிந்தது என்பது நம் ஊர் முறை. அந்த முறையில் நிற்கிறவனைச் சாய்ப்பதில் காமாவுக்கு மிஞ்சியவர் இல்லை. இது ஸ்பிஷ்கோவுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்தும் நின்றார். லண்டனில் வராமல் போன அந்தச் சனிக்கிழமை அவரை உறுத்திக்கொண்டு இருந்ததோ என்னவோ!

அடுத்த வருஷம் ஜெஸ் பீட்டர்சன் என்ற இன்னொரு வெளிநாட்டுப் பயில்வானும் வந்தார். அவர் 2 நிமிஷங்கூடத் தாங்கவில்லை. அதற்குப் பிறகு காமாவைத் தேடிப் பெரிய பயில்வான் யாரும் வரவில்லை.

அதற்குப் பிறகு...

1947-ல் நாடு இரண்டாயிற்று. காமா லாகூரில் இருந்தார். கலவரம் மூண்டபோது, தம் தெருவில் இருந்த இந்துக் குடும்பங்களை அவர் காப்பாற்றினார் என்று சொல்லப்படுகிறது. கும்பல் வந்தபோது தெருமுனையில் நின்றாராம். அவர் நின்றால் யார் உள்ளே போவார்கள்?

கடைசிக் காலம் சுகமாக இல்லை. உடம்பில் நோய், கையில் பணம் இல்லை. எல்லைக்கு இந்தப் பக்கத்திலிருந்து பிர்லா, பழைய பயில்வானுக்குப் பண உதவி செய்தார். 1960 மே 23-ந் தேதி லாகூரில் காமா காலமானார். பாகிஸ்தான் பிரதமராக இருந்த நவாஸ் ஷெரீப்பின் மனைவி குல்சூம், காமாவின் பேத்தி.

ஸ்பிஷ்கோ 1967 வரை இருந்தார். எழுபது வயதில் ஒரு சினிமாவில்கூட நடித்தார். 1950-ல் வந்த ஆங்கிலப் படம். கதை நடக்கும் ஊர் லண்டன்! அவருக்கு என்ன வேஷம் தெரியுமா? பேசி வைத்துச் செய்யும் போலி குஸ்தியைக் கண்டால் காறித் துப்புகிற கிழட்டுப் பயில்வான் வேஷம். எதிராளியாக நடித்தவரும் தொழில்முறைப் பயில்வான்தான். அந்தச் சண்டைக் காட்சி இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. பாருங்கள், மறக்கமாட்டீர்கள்.

காமாவின் தம்பி இமாம் பக்ஷின் பிள்ளைகளும் பயில்வான்கள் ஆனார்கள். அவர்களில் ஒருவர் அக்ரம். 1976-ம் வருஷம் டிசம்பர் மாதம், ஜப்பான் பயில்வான் இனோகி கராச்சிக்கு வந்தார். ஆறு மாதம் முன்புதான் டோக்கியோவில் குத்துச்சண்டை வீரர் முகமது அலியோடு மோதியவர் இவர். 15 சுற்றிலும் பெரும்பாலும் தரையில் படுத்தபடியே அலியின் காலில் உதைத்துக்கொண்டிருந்தார். அன்றும் வெற்றி தோல்வி இல்லை, அன்றும் ஜனங்கள் திட்டினார்கள்!

ஆனால் கராச்சியில் இனோகி படுக்கவில்லை. மூன்றாவது சுற்றில் அக்ரமின் கையை முறுக்கினார். அக்ரம் "போதும்" என்று சொல்ல மறுத்தார். கை ஒடிந்தது. காமாவின் குடும்பம் தோற்றுவிட்டது என்று கேட்டு பாகிஸ்தானே சோகத்தில் ஆழ்ந்தது.

அந்த வீட்டில் ஒரு பையன் இருந்தான். அக்ரமின் அண்ணன் தம்பிகளில் ஒருவரான அஸ்லமின் மகன். ஜாரா என்று கூப்பிடுவார்கள். அவனைத் தயார் செய்தார்கள். விடிவதற்கு முன்பே எழுப்பி, தண்டால், பஸ்கி, கோதா என்று வாட்டி எடுத்தார்கள்.

1979 ஜூன் 17-ந் தேதி. லாகூர். காமா கண்மூடிய அதே ஊர். இருபது வயது ஆகாத ஜாரா, உலகப் புகழ் பெற்ற இனோகியை எதிர்த்து இறங்கினான். ஐந்து சுற்று நடந்தது. இனோகியால் அவனை வீழ்த்த முடியவில்லை. ஐந்தாவது சுற்று முடிந்து மணி அடித்தது. இனோகி ஜாராவிடம் நடந்து போனார். அவன் கையைப் பிடித்து, கூட்டம் பார்க்கும்படி உயரத் தூக்கிக் காட்டினார்.